பிக்கப் வண்டிக்கு டயர் மாற்றப் போகிறீர்களா? முதலில் சைடு வாலைப் படியுங்கள்

தமிழ்நாட்டில் தக்காளிக் கூடையில் இருந்து தண்ணீர் கேன் வரைக்கும் தெருத்தெருவாகக் கொண்டு சேர்ப்பவை குட்டி யானை, தோஸ்த், பொலேரோ பிக்கப் போன்ற சின்ன லோடு வண்டிகள்தான். இவற்றில் ஒன்றை வைத்திருப்பவர் டயர் கடைக்குள் நுழைந்ததும் கேட்கிற முதல் கேள்வி, "டயர் என்ன விலை?" கடைக்காரர் மூன்று கம்பெனி பெயரும் மூன்று விலையும் சொல்வார். நடுவில் இருப்பதை எடுத்து மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவோம்.

காருக்கு டயர் வாங்கினால் இந்த வழி ஓரளவு சரிப்படும். காரில் ஏறுவது நாலைந்து பேர். எடை பெரிதாக மாறாது. பிக்கப் அப்படி இல்லை. காலையில் ஒரு டன் ஏற்றிக்கொண்டு போய், மதியம் காலியாகத் திரும்பும். அந்த ஒரு டன்னில் பெரும்பகுதி உட்காருவது பின்னால் இருக்கிற இரண்டு டயர்கள் மேல். அதனால் விலைக்கு முன்னால் கேட்க வேண்டியது, "இந்த டயர் எத்தனை கிலோ தாங்கும்?" பதிலுக்குக் கடைக்காரரைக்கூட நம்ப வேண்டியதில்லை. டயரின் பக்கவாட்டில், அதாவது சைடு வாலில், அது எழுத்தாகவே இருக்கிறது.

அந்த எண்களை எப்படிப் படிப்பது

ஒரு டயரில் "185 ஆர் 14 எல்டி 8 பிஆர் 102/100 கியூ" என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். (டயரில் ஆங்கில எழுத்தில் இருப்பதை இங்கே ஒலிப்படி எழுதியிருக்கிறேன்.) 185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். ஆர் என்றால் ரேடியல், உள்ளே நூல்கள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராக ஓடுகிற வகை. 14 என்பது டிஸ்க்கின், அதாவது டயரை மாட்டுகிற சக்கரத்தின் விட்டம், அங்குலத்தில். ஒரே வரியில் மில்லிமீட்டரும் அங்குலமும் கலந்து வருவது விநோதம்தான், ஆனால் உலகம் முழுக்க அப்படித்தான் எழுதுகிறார்கள். "215/75 ஆர் 15" என்பதுபோல் நடுவில் ஒரு சாய்கோடும் எண்ணும் இருந்தால், சைடு வாலின் உயரம் அகலத்தில் 75 விழுக்காடு என்று பொருள். அந்த எண்ணே இல்லாமல் 185 ஆர் 14 என்று மட்டும் இருந்தால் 80 விழுக்காட்டை ஒட்டி என்று எடுத்துக்கொள்ளலாம். 7.00-15 என்று புள்ளி வைத்து எழுதியிருந்தால் அது பழைய முறை. அங்கே அகலமும் அங்குலத்தில்தான்.

எல்டி என்பது லைட் டிரக், சின்ன லோடு வண்டிக்கான டயர் என்ற அடையாளம். சில டயர்களில் எல்டிக்குப் பதிலாக அளவுக்குப் பின்னால் 'சி' என்ற எழுத்து இருக்கும். அது ஐரோப்பிய வழக்கம், வணிக வாகனத்துக்கானது என்று பொருள். இரண்டில் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். ஏன் என்று கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன்.

8 பிஆர் என்பதை "எட்டு பிளை" என்று கடையில் சொல்வார்கள். உள்ளே எட்டு அடுக்குத் துணி இருக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். பருத்தி நூலில் டயர் செய்த காலத்தில் அது உண்மை. இன்றைய ரேடியலில் அடுக்குகள் அதைவிடக் குறைவு. எட்டு அடுக்குப் பருத்தி நூலுக்கு இணையான வலு என்பதற்கான குறி அது, அவ்வளவுதான்.

இப்போது எல்லாவற்றையும்விட முக்கியமான 102/100. இதற்கு லோடு இண்டெக்ஸ் என்று பெயர். இது நேரடியாகக் கிலோ கணக்கு இல்லை, அட்டவணையில் பார்க்க வேண்டிய குறியீடு. 86 என்றால் ஒரு டயர் 530 கிலோ தாங்கும். 91 என்றால் 615. 100 என்றால் 800, 102 என்றால் 850, 106 என்றால் 950, 112 என்றால் 1,120 கிலோ. சாய்கோட்டுக்கு முன்னால் இருப்பது ஒரு பக்கத்துக்கு ஒற்றை டயர் போட்டால் தாங்கும் எடை. பின்னால் இருப்பது லாரி மாதிரி இரட்டை டயர் போட்டால் ஒவ்வொன்றும் தாங்கும் எடை. நம் பிக்கப் வண்டிகளில் பெரும்பாலும் பின்னாலும் ஒற்றை டயர்தான், ஆகவே முதல் எண்ணைப் பார்த்தால் போதும்.

கடைசி எழுத்து வேகத்துக்கு. கியூ என்றால் மணிக்கு 160 கிலோமீட்டர், என் என்றால் 140. லோடு வண்டி ஓட்டுபவர் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. அந்த வேகத்தில் போகிற வண்டியும் இல்லை, போகவும் வேண்டாம்.

"அதே சைஸ்தாண்ணே, போட்டுக்கலாம்"

எல்டி, சி என்று வலியுறுத்தியதற்குக் காரணம் இதுதான். 185/80 ஆர் 14 என்ற அளவில் கார் டயரும் உண்டு. டிஸ்க்கில் கச்சிதமாக உட்காரும், பார்வைக்கும் வித்தியாசம் தெரியாது, விலையும் குறையலாம். ஆனால் அந்தக் கார் டயரின் லோடு இண்டெக்ஸ் பொதுவாக 91. தாங்கும் எடை 615 கிலோ. எட்டு பிளை எல்டி டயர் தாங்குவதோ 850. ஒரு டயருக்கு 235 கிலோ வித்தியாசம். பின்னால் இரண்டுக்கும் சேர்த்து 470 கிலோ. கிட்டத்தட்ட ஒன்பது மூட்டை சிமென்ட்.

இதை மாட்டினால் முதல் நாளே வெடித்துவிடாது. அதுதான் சிக்கலே. சில மாதம் நன்றாகவே ஓடும். ஒவ்வொரு நடையிலும் சைடு வால் அளவுக்கு மேல் வளைந்து வளைந்து, உள்ளே சூடேறி, நூலும் ரப்பரும் மெல்லப் பிரிய ஆரம்பிக்கும். அப்புறம் ஒரு சித்திரை வெயிலில், நான்கு வழிச்சாலையில், முழு லோடோடு போகும்போது பட்டை உரிந்து வரும். வெடித்தபின் எல்லாரும் வெயிலைக் குறை சொல்வார்கள்.

சரி, உங்கள் வண்டிக்கு எவ்வளவு தேவை என்று எப்படித் தெரிந்துகொள்வது? வண்டி வந்தபோது கம்பெனி என்ன டயர் போட்டுக் கொடுத்ததோ, அதே அளவு, அதே பிளை, அதே லோடு இண்டெக்ஸ் அல்லது அதற்கு மேல். இந்த விவரம் வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும். பெரும்பாலான வண்டிகளில் டிரைவர் கதவோரத்தில் ஒட்டிய ஸ்டிக்கரிலும் இருக்கும். டாடா ஏஸுக்கு 145 ஆர் 12, தோஸ்துக்கு 185 ஆர் 14, பொலேரோ பிக்கப்புக்கு 215/75 ஆர் 15 என்றெல்லாம் வாய்வழியாகச் சொல்வார்கள். ஆனால் ஒரே பெயரில் பல மாடல்கள் வந்துவிட்டன, ஒவ்வொன்றுக்கும் டயர் மாறுகிறது. பழைய டயரில் இருப்பதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். உங்களுக்கு முன்னால் வண்டி வைத்திருந்தவர் எதையாவது மாட்டியிருக்கலாம்.

இன்னும் தெளிவாகத் தெரிய வேண்டும் என்றால் ஒரு எளிய வழி இருக்கிறது. வழக்கமாக ஏற்றுகிற லோடோடு எடை மேடைக்குப் போய், பின் சக்கரங்கள் மட்டும் மேடையில் இருக்கும்படி நிறுத்தி எடை பாருங்கள். அதை இரண்டால் வகுத்தால் ஒரு டயர் சுமக்கிற எடை கிடைத்துவிடும்.

உதாரணக் கணக்கு ஒன்று போடுவோம். ஆர்.சி.யில் லேடன் வெயிட் (வண்டியும் லோடும் சேர்ந்த எடை) 2,500 கிலோ என்று இருக்கிறது. முழு லோடில் அதில் 1,600 கிலோ பின் ஆக்சிலில் விழுகிறது என்றால் ஒரு டயருக்கு 800. டயர் தாங்குவது 850. மிச்சம் 50 கிலோ மட்டுமே. இந்த நிலையில் "இன்னும் எட்டு மூட்டைதானே" என்று 400 கிலோ கூடுதலாகப் பின்னால் ஏற்றினால், அது அநேகமாக முழுவதும் பின் டயர்களுக்கே போகும். ஒவ்வொன்றும் இப்போது 1,000 கிலோ சுமக்கிறது, தாங்குவதைவிட 150 அதிகம். ஓவர்லோடுக்கு 2019 சட்டத்திருத்தப்படி அபராதமே 20,000 ரூபாயில் தொடங்குகிறது, அது தனிக்கதை.

இங்கே சிலர் ஒரு குறுக்கு வழி சொல்வார்கள்: எட்டு பிளைக்குப் பதில் பத்து பிளை போட்டுவிட்டால் எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றலாம் என்று. டயர் தாங்கலாம். டிஸ்க், பேரிங், ஸ்பிரிங் பட்டை, பிரேக் எல்லாம் பழைய கணக்கில்தானே இருக்கின்றன? தவிர, பத்து பிளையின் முழுத் தாங்குதிறனும் அதற்குரிய கூடுதல் காற்று அடித்தால்தான் கிடைக்கும். அந்த அழுத்தத்துக்கு உங்கள் டிஸ்க் ஏற்றதா என்பது வேறு கேள்வி. மோசமான சாலையில் வெட்டும் குத்தும் அதிகம் என்றால் வலுவான டயர் நல்லதுதான். கூடுதல் லோடுக்கு அனுமதிச் சீட்டாக அதை எடுத்துக்கொள்ளக் கூடாது.

காற்றுதான் சுமக்கிறது

லோடு இண்டெக்ஸ் சொல்கிற எடையை டயர் சும்மா தாங்காது. சைடு வாலைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். அதிகபட்ச எடையும், அதற்குத் தேவையான காற்றழுத்தமும் சின்ன எழுத்தில் இருக்கும். எட்டு பிளை 185 ஆர் 14 என்றால் அது 450 கிலோபாஸ்கல், நம் பஞ்சர் கடை மொழியில் 65 பி.எஸ்.ஐ. கார் பழக்கத்தில் 35 அடித்துவிட்டு ஒரு டன் ஏற்றினால், 850 கிலோ டயரைக் காசு கொடுத்து வாங்கி அந்த 850ஐத் தாங்க விடாமல் செய்கிறோம்.

ஒவ்வொரு வண்டிக்கும் முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு என்று கையேட்டில் தனித்தனியாக இருக்கும். பெரும்பாலும் பின்னால் நிறையவே கூட. பார்க்க வேண்டிய நேரம் காலை, வண்டி ஓடத் தொடங்கும் முன். ஓடிச் சூடான டயரில் அழுத்தம் தானாகவே ஏறியிருக்கும். அதைப் பார்த்துவிட்டு, "காத்து ஜாஸ்தியா இருக்கு" என்று பிடுங்கிவிடுகிற பழக்கம் நம் ஊரில் அதிகம், கோடையில் இன்னும் அதிகம். அப்படிப் பிடுங்கினால் டயர் ஆறியதும் காற்று போதாமல் போய்விடும். போதாத காற்றில் டயர் கூடுதலாக வளையும், கூடுதலாகச் சூடாகும். வெடிப்பைத் தடுக்கிறோம் என்று நினைத்து வெடிப்புக்கு வழி செய்வது இதுதான்.

லோடு வண்டிக்கே உரிய ஒரு சங்கடமும் இருக்கிறது. பின் டயரில் முழு லோடுக்கான காற்றோடு காலியாகத் திரும்பும்போது வண்டி துள்ளும். டயரின் நடுப்பகுதி மட்டும் சாலையில் பட்டு நடு தேயும். ஒவ்வொரு நடைக்கும் காற்றைக் குறைத்து ஏற்ற யாராலும் முடியாது. என் கருத்து: பாதி நேரம் காலியாக ஓடினாலும் லோடுக்கான காற்றையே வைத்துக்கொள்ளுங்கள். நடுத்தேய்மானத்தில் கொஞ்சம் பணம் போகும். காற்றுக் குறைவில் வண்டியே போகும். வாரக்கணக்கில் காலியாகவோ அரை லோடிலோ மட்டும் ஓடுகிற வண்டி என்றால் கையேட்டில் அதற்கென்று சொல்லியிருக்கும் அளவுக்குக் குறைத்துக்கொள்ளலாம்.

நைட்ரஜன்? சாதாரணக் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன்தான். இலவசமாக அடித்துக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். காசு கேட்டால் அந்தக் காசுக்குக் காற்று அளக்கிற கேஜ் ஒன்று வாங்குங்கள்.

ரிப்பா, லக்கா

பட்டன், அதாவது சாலையில் படுகிற ரப்பர்ப் பகுதி, எப்படி வெட்டப்பட்டிருக்கிறது என்பது அடுத்தது. டயரைச் சுற்றி நீளவாக்கில் கோடு கோடாக ஓடினால் ரிப். குறுக்குவாட்டில் பெரிய பெரிய கட்டிகளாக இருந்தால் லக். இரண்டும் கலந்தது செமி லக்.

தார் ரோட்டிலேயே ஓடுகிற வண்டிக்கு ரிப் போதும். ஒட்டன்சத்திரத்தில் காய்கறி ஏற்றி கோயம்பேட்டில் இறக்குகிற வண்டிக்கு லக் டயர் வீண். தார்ச் சாலை வேகத்தில் கட்டிகள் சீக்கிரம் தேயும், சத்தம் போடும், டீசலும் கூடக் குடிக்கும். செங்கல் சூளை, குவாரி, கரும்புத் தோட்டம் என்று ஓடும் வண்டியில் பின்னால் ரிப் போட்டால் முதல் மழையிலேயே சேற்றில் சுற்றிக்கொண்டு நிற்கும். பாதி தார், பாதி மண் என்றால் பின்னால் செமி லக், முன்னால் ரிப் என்று போடுகிறார்கள். ஸ்டீயரிங் பிடிக்கிற முன் சக்கரத்துக்கு ரிப், தள்ளுகிற பின் சக்கரத்துக்குப் பிடிமானம், நல்ல ஏற்பாடுதான். ஒரே குறை, தேய்மானம் சமமாக வர முன்னும் பின்னும் மாற்றி மாற்றிப் போட முடியாது.

ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு என்று மலைப்பாதையில் தினமும் ஓடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே ஈரத்தில் பிடிமானம்தான் எல்லாம். அதிக கிலோமீட்டர் ஓடும் என்று விற்கப்படும் டயர்கள் பலவற்றில் ரப்பர் கெட்டியாக இருக்கும். கெட்டியான ரப்பர் மெதுவாகத் தேயும், ஆனால் நனைந்த கொண்டை ஊசி வளைவில் பிடிப்பு கொஞ்சம் குறையலாம். மலை வண்டிக்குக் கிலோமீட்டரைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் பிடிமானத்தை வாங்குவதில் தப்பில்லை.

ரேடியலா நைலானா என்ற கேள்வி சின்ன வண்டிகளில் அநேகமாக முடிந்துபோன விவகாரம். ரேடியல் குறைவாகச் சூடாகும், டீசல் மிச்சமாகும், தார் ரோட்டில் அதிக நாள் ஓடும். நைலான் என்பது நூல்கள் சாய்வாகக் குறுக்கிட்டு ஓடும் பழைய வகை, அதன் சைடு வால் முரட்டுத்தனமானது. கல்லும் முள்ளுமான இடத்தில் குத்து தாங்கும். எதுவானாலும் ஒரே ஆக்சிலில் ஒரு பக்கம் ரேடியல், மறுபக்கம் நைலான் என்று மட்டும் போடவே கூடாது. இரண்டும் வளைகிற விதம் வேறு. பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

டியூப்லெஸ் டயர் என்றால் டியூப் இல்லாமலே ஓட்டுங்கள். டிஸ்க் நெளிந்து காற்று இறங்குகிறது என்பதற்காக உள்ளே டியூப் போட்டுக் கொடுப்பார்கள். அது அவசரத்துக்கு ஊர் வந்து சேர மட்டும். டியூபும் டயரும் உரசிச் சூடேறும். ஆணி குத்தினால் காற்று மெல்ல இறங்காமல் சட்டென்று இறங்கும். டியூப்லெஸ்ஸின் பெரிய நன்மையே போய்விடுகிறது. டிஸ்க்கைச் சரிசெய்வதுதான் வேலை.

எப்போது மாற்றுவது

பட்டன்களுக்கு நடுவில் உள்ள பள்ளத்தில் குறுக்கே சின்ன மேடுகள் இருக்கும். சைடு வாலில் டி.டபிள்யூ.ஐ. என்ற எழுத்தோ ஒரு முக்கோணமோ அந்த இடத்தைக் காட்டும். மேட்டின் உயரம் 1.6 மில்லிமீட்டர். பட்டன் தேய்ந்து மேட்டுக்குச் சமமாக வந்துவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. சட்டப்படியும் அதுதான் எல்லை. சிலர் எஃப்.சி. (தகுதிச் சான்று) நாளுக்கு மட்டும் வேறு வண்டியின் டயரை மாட்டிக் காட்டிவிட்டு, திரும்பி வந்து மொட்டை டயரையே மாட்டிக்கொள்கிறார்கள். ஆர்.டி.ஓ. அலுவலகத்தை ஏமாற்றலாம். தேங்கிய மழைத் தண்ணீரை ஏமாற்ற முடியாது: தண்ணீரை வெளியே தள்ளப் பள்ளம் இல்லாத டயர், அதன்மேல் மிதந்து வழுக்கும்.

அதனால் கேட்டால் நான் சொல்வது, 1.6 வரை காத்திருக்காதீர்கள். ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை. புரட்டாசியிலேயே டயரைப் பார்த்துவிட்டு, மழை முடியும்வரை தாங்காது என்று தோன்றினால் அப்போதே மாற்றிவிடுவது நல்லது.

பட்டன் இருந்தாலும் மாற்ற வேண்டிய சமயங்கள் உண்டு. சைடு வாலில் புடைப்பு வந்திருந்தால் உள்ளே நூல் அறுந்துவிட்டது; அதை ஒட்டுப்போட முடியாது. நூல் தெரிகிற வெட்டு, சைடு வாலில் விழுந்த ஓட்டை இவையும் அப்படித்தான். பஞ்சர் ஒட்டுவது பட்டன் பகுதிக்கு மட்டுமே.

பழைய டயரைக் கழற்றியதும் உடனே ஓரமாகப் போட்டுவிடாமல் எங்கே தேய்ந்திருக்கிறது என்று பாருங்கள். இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்றுக் குறைவு. நடு தேய்ந்திருந்தால் காற்று அதிகம், அல்லது மேலே சொன்ன காலி ஓட்டம். ஒரு ஓரம் மட்டும் என்றால் அலைன்மென்ட். அங்கங்கே குழி குழியாக இருந்தால் ஷாக் அப்சார்பரோ பேலன்சிங்கோ. நோயைச் சரிசெய்யாமல் புது டயர் போட்டால் அதுவும் அதே மாதிரி போகும்.

தேதியும் முத்திரையும்

கடைக்காரர் டயரை உருட்டிக்கொண்டு வந்ததும் தேட வேண்டியது நான்கு இலக்க எண். சைடு வாலில் ஒரு சின்ன நீள்வட்டத்துக்குள் இருக்கும். 2325 என்றால் 2025ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. ஒரு பக்கம் தெரியாவிட்டால் மறுபக்கம் திருப்பிப் பாருங்கள். வாங்குகிற ஒவ்வொரு டயரிலும் பாருங்கள், ஒன்றில் பார்த்துவிட்டு விடாதீர்கள்.

ரப்பர் ஓடாமல் சும்மா கிடந்தாலும் கெட்டியாகும், வெடிப்பு விடும். ஆறு மாதம், எட்டு மாதம் ஆன டயர் பரவாயில்லை. இரண்டு வருடம் ஆனதைப் புது விலைக்குத் தந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். நமக்கு அதற்கு அவசியமும் இல்லை. 1946இல் திருவொற்றியூரில் பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப்.பில் ஆரம்பித்து, ஒரகடத்தில் அப்பல்லோ, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஜே.கே., சியட், தேர்வாய் கண்டிகையில் மிஷலின் என்று டயர் ஆலைகள் நிறைந்த மாநிலம் இது. பரவலாக விற்கிற அளவுதான் என்றால் புதுச் சரக்கு வர அதிக நாள் ஆகாது. பழைய சரக்கைத் தள்ளிவிடப் பார்க்கிறாரா என்பது, "அடுத்த லோடு எப்பண்ணே வரும்?" என்று கேட்டாலே தெரிந்துவிடும்.

ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருக்க வேண்டும். இந்தியாவில் விற்கிற வாகன டயர்களுக்கு இது கட்டாயம்.

விலைக்கு வருவோம்

டயரின் விலையைவிட, கிலோமீட்டருக்கு எத்தனை பைசா என்பதுதான் தொழில் செய்பவருக்கு உதவுகிற கணக்கு. கணக்குக்காக மட்டும் எண்களை எடுத்துக்கொள்வோம். ஒரு டயர் 4,500 ரூபாய், 30,000 கிலோமீட்டர் ஓடுகிறது: கிலோமீட்டருக்கு 15 பைசா. இன்னொன்று 5,500 ரூபாய், 45,000 ஓடுகிறது: 12 பைசாவுக்குக் கொஞ்சம் மேல். நாலு டயருக்கு, ஒரு லட்சம் கிலோமீட்டரில், ஏறக்குறைய 11,000 ரூபாய் வித்தியாசம் வந்துவிடும். ஆயிரம் ரூபாய் கூட இருப்பது மலிவாகிவிட்டது.

எது எவ்வளவு ஓடும் என்று யார் சொல்வது? விளம்பரம் சொல்லாது. உங்கள் ரோட்டில், உங்கள் லோடில் ஓட்டுகிற இன்னொரு டிரைவர் சொல்வார். ஸ்டாண்டில் நாலு பேரிடம் கேட்டால் கம்பெனி பெயர் ஒன்றிரண்டு திரும்பத் திரும்ப வரும். நீங்களே அளக்கவும் செய்யலாம். புது டயரில் பள்ளத்தின் ஆழம் 8 மில்லிமீட்டர் என்றால், 1.6 வரை தேய்க்க 6.4 மில்லிமீட்டர் கையில் இருக்கிறது. 10,000 கிலோமீட்டர் ஓடியதும் அளந்து பாருங்கள். 1.6 மில்லிமீட்டர் தேய்ந்திருந்தால் மொத்தம் சுமார் 40,000 வரும். கடைக்காரர்கள் இந்த ஆழத்தை என்.எஸ்.டி. என்பார்கள், வாங்கும்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கான ஜி.எஸ்.டி. 28இலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்தது. சொல்கிற விலை வரியோடா வரி இல்லாமலா என்று கேளுங்கள். பில் இல்லாமல் கொஞ்சம் குறைத்துத் தருகிறேன் என்பவரிடம் மயங்க வேண்டாம். தயாரிப்புக் குறை என்று பின்னால் போய் நின்றால் கம்பெனிக்காரர் முதலில் கேட்பது பில்லையும், அதில் எழுதிய டயரின் சீரியல் எண்ணையும்தான். அப்போதும் முழுப் பணம் வராது; மீதமிருக்கிற பட்டனுக்கு ஏற்பத்தான் கழித்துக் கொடுப்பார்கள். ஓவர்லோடு, வெட்டு, காற்றில்லாமல் ஓட்டியது இவற்றுக்கெல்லாம் ஒன்றும் கிடைக்காது.

நாலும் வாங்கப் பணம் இல்லை என்றால் மட்டமான நாலுக்குப் பதில் தரமான இரண்டு வாங்குங்கள். அந்த இரண்டையும் பின்னால் போடுங்கள், சுமை அங்கேதான். தவிர, ஈரச் சாலையில் பின் சக்கரம் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும், சமாளிப்பது கடினம். இதற்கு ஒரு நிபந்தனை, முன்னால் இருப்பவை ஓட்டக்கூடிய நிலையில் இருக்க வேண்டும். மொட்டையை முன்னால் வைத்துக்கொண்டு இந்தக் கணக்குப் பேச முடியாது. ஒரே ஆக்சிலில் இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே பட்டன்.

ரீட்ரேடு, அதாவது தேய்ந்த டயரில் புதுப் பட்டன் ஒட்டுவது பற்றிக் கேட்பார்கள். பெரிய லாரியில், நல்ல கேசிங்கில் (பட்டன் நீங்கலான டயர் உடலில்), நல்ல பட்டறையில் செய்தால் அது லாபமான தொழில். 12, 14 அங்குலச் சின்ன டயருக்கு, புதுசின் விலையே குறைவு என்பதால், அதில் பெரிய மிச்சம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அப்படியும் போடுவதென்றால் பின்னால் மட்டும். செகண்ட் ஹேண்ட் டயர் விஷயத்தில் இன்னும் கறாராக இருங்கள்: தேய்ந்த டயரில் சூட்டுக் கத்தியால் பள்ளத்தை ஆழமாக வெட்டிப் பட்டன் இருப்பதுபோல் காட்டி விற்பதுண்டு. பள்ளத்தின் அடியில் அந்த 1.6 மில்லிமீட்டர் மேடு இருக்கிறதா என்று பாருங்கள். மேடு வெட்டுப்பட்டிருந்தால் அந்தக் கடையை விட்டு வெளியே வந்துவிடலாம்.

மாட்டும்போது

விலை பேசும்போதே மாட்டுகூலி, பேலன்சிங், அலைன்மென்ட், புது வால்வு எல்லாம் சேர்த்தா தனியா என்று முடிவு செய்துகொள்ளுங்கள். பழைய டயருக்கு என்ன தருவார் என்பதையும் அப்போதே கேட்க வேண்டும். மாட்டி முடித்தபின் கேட்டால் பேச்சில் வலு இருக்காது. டியூப்லெஸ் என்றால் வால்வைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள், பழைய ரப்பர் வால்வு வெடிப்பு விட்டிருக்கும். டயரை ஏற்ற விளிம்பில் சோப்புத் தண்ணீரோ அதற்கென உள்ள பசையோ தடவலாம். கிரீஸ், டீசல், பழைய ஆயில் கூடாது, ரப்பரைத் தின்றுவிடும். சைடு வாலில் மஞ்சள் புள்ளி இருந்தால் அது டயரின் எடை குறைவான இடம். வால்வுக்கு நேராக வைத்து மாட்டினால் பேலன்சிங்குக்கு ஈயம் குறைவாக ஆகும்.

நட்டுகளை ஏர் கன்னால் மட்டும் முடுக்கி அனுப்பிவிடுவார்கள். 50, 100 கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை ஸ்பேனர் வைத்துச் சரிபாருங்கள். முதல் சில நூறு கிலோமீட்டருக்குப் புது ரப்பரின் மேல்பூச்சு போகும்வரை திடீர் பிரேக், வேக வளைவு வேண்டாம்.

கிளம்பும் முன் சேசிஸுக்கு அடியில் தொங்குகிற ஸ்டெப்னியையும் இறக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். வருடக்கணக்கில் யாரும் தொடாமல், சேறும் துருவும் படிந்து, காற்று இறங்கிக் கிடக்கும். அதன் நான்கு இலக்கத் தேதியைத் துடைத்துப் படியுங்கள். பத்து வருடத்தைத் தாண்டியிருந்தால், பட்டன் புதுசாக மின்னினாலும், லோடு வண்டியில் அதை நம்பிக் கிளம்ப முடியாது. கழற்றியவற்றில் ஓரளவு நன்றாக இருப்பதை ஸ்டெப்னிக்கு வைத்துக்கொண்டு, மற்றவற்றைக் கடையில் விட்டுவிடுங்கள். டிஸ்க் கழற்றும் ஸ்பேனரும் ஜாக்கியும் வண்டியில் இருக்கின்றனவா என்றும் கையோடு பார்த்துவிடலாம்.